கோப்ரா நகல் காருக்குக் கைபிரேக்: எந்த அமைப்பு, எந்தக் கேபிள் வழி?

நகல் ஸ்போர்ட்ஸ் கார் கட்டுகிறவர்கள் கைபிரேக்கைப் பற்றி நினைக்கத் தொடங்கும் நேரத்தில், பெரும்பாலும் எஞ்சின் இறங்கியிருக்கும், ஃபைபர் கிளாஸ் உடல் சேஸிஸ் மேல் ஏறியிருக்கும், கியர்பாக்ஸை மூடும் நடு டனலும் ரிவிட் அடிக்கப்பட்டிருக்கும். லீவர் எங்கே நிற்க வேண்டும், அதிலிருந்து பின்சக்கரம் வரை கேபிள் எந்த வழியாகப் போக வேண்டும் என்ற கேள்வி அப்போதுதான் எழும். அதற்குள் நல்ல வழிகளை எல்லாம் எக்ஸாஸ்ட் குழாயும் பெட்ரோல் டேங்கும் பிடித்துக்கொண்டிருக்கும். இங்கிலாந்தின் தென்கிழக்கில் வாடகைக்கு எடுத்த ஒரு கராஜில் நண்பர் ஒருவர் கட்டிய கோப்ரா நகலுக்கு இரண்டு குளிர்காலம் நான் உதவிக்குப் போனபோது நடந்ததும் இதுவேதான். அப்போது எங்கள் முன்னால் இருந்த வழிகளை ஒப்பிட்டு, எதை எதற்காகத் தள்ளினோம், எதை எதற்காக எடுத்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. 1962-இல் தேம்ஸ் டிட்டனில் இருந்த ஏசி கார்ஸ் நிறுவனத்தின் ஏஸ் காருக்குள் அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் கேரல் ஷெல்பி ஃபோர்டு வி8 எஞ்சினை வைத்ததில் பிறந்ததுதான் கோப்ரா. 1965-இல் காயில் ஸ்பிரிங் சேஸிஸும் அகன்ற பின்புறமும் கொண்டு வந்த 427 மாடலைத்தான் இன்றைய நகல்களில் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன. அசல் கார்கள் சுமார் ஆயிரம் மட்டுமே இருப்பதால், நகல் கட்டுகிறவர் அசல் கைபிரேக் பாகங்களைத் தேடிப் போவதில்லை. வெளியே தெரிவது 1965-ஆம் ஆண்டின் உருவம். அடியில் இருப்பதோ வேறொரு காரிலிருந்து கழற்றிய பின் ஆக்ஸில். அமெரிக்காவில் அது பெரும்பாலும் ஃபோர்டு மஸ்டாங்கிலிருந்து வருகிறது. பிரிட்டனில் நீண்ட காலமாக ஜாகுவாரிலிருந்தும் ஃபோர்டு சியராவிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. ஆகவே கைபிரேக் தேர்வு என்பது பாதிக்கு மேல் பின் ஆக்ஸில் தேர்வே. ஆக்ஸிலை வாங்கிய பிறகு கைபிரேக்கைப் பற்றி யோசிப்பவர், வீடு கட்டி முடித்த பிறகு கழிவுநீர்க் குழாய்க்கு வழி தேடுபவரைப் போன்றவர்.

சட்டம் என்ன கேட்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் தனியாகக் கட்டிய கார் சாலைக்கு வர ஐ.வி.ஏ எனப்படும் தனி வாகன ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும்; கார்களுக்கு 2009-இல் பழைய எஸ்.வி.ஏ சோதனையின் இடத்தில் இது வந்தது. அதன் பிறகு எம்.ஓ.டி எனப்படும் வழக்கமான சாலைத் தகுதிச் சோதனையில், இரட்டைச் சுற்று பிரேக் (இரண்டு தனித்தனி எண்ணெய்ச் சுற்றுகள்) உள்ள காரின் கைபிரேக், வாகன எடையில் 16 சதவீதத்துக்குக் குறையாத பிடிப்பை, சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கும் ரோலர் மேல் காட்ட வேண்டும். ஐக்கிய நாடுகளின் 13-எச் பிரேக் விதி இன்னும் கடுமையானது: சுமை ஏற்றிய காரை 20 சதவீதச் சரிவில், மேல்நோக்கியும் கீழ்நோக்கியும், நிறுத்திப் பிடிக்க வேண்டும்; கையால் இழுக்கும் விசை 400 நியூட்டனை, அதாவது சுமார் 41 கிலோ எடைக்குச் சமமானதை, தாண்டக் கூடாது. பிடித்த நிலையில் அதைப் பூட்டி வைப்பது முழுக்க இயந்திர முறையாகவே இருக்க வேண்டும். 20 சதவீதச் சரிவுக்குத் திட்டமிட்டவருக்கு 16 சதவீத ரோலர் சோதனை பெரிய தடையாக இராது என்பதால், நாங்கள் அந்தப் பெரிய அளவையே எடுத்துக்கொண்டோம்.

இந்த அளவை எண்களாக மாற்றிப் பார்த்தபோதுதான் எங்கள் யோசனையே திசை மாறியது. இருவர் உட்கார்ந்த கோப்ரா நகல் ஒன்று 1,250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதச் சரிவில் அதைக் கீழே இழுக்கும் விசை சுமார் 2,400 நியூட்டன். டயரின் ஆரம் 33 செ.மீ. என்றால், ஒவ்வொரு பின்சக்கரமும் சுமார் 400 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசையைத் தாங்க வேண்டும். சுழலும் பிரேக் தட்டான டிஸ்க்கில் பேட் அழுத்தும் இடத்தின் ஆரம் 12 செ.மீ., பேடின் உராய்வுக் கெழு 0.4 என்று கொண்டால், இருபுறமும் உள்ள பேட்கள் ஒவ்வொன்றும் டிஸ்க்கை ஏறக்குறைய 4,130 நியூட்டன் விசையோடு நெருக்க வேண்டும். பேட்களைப் பிடித்து நெருக்கும் காலிப்பரின் கைபிரேக் கை, கேபிள் இழுக்கும் விசையைப் பன்னிரண்டு மடங்காக்கித் தருவதாக வைத்துக்கொண்டால், கேபிளின் பின்முனையில் 344 நியூட்டன் வந்து சேர வேண்டும். கடைசி இரண்டு எண்கள் காருக்குக் கார் மாறுபவை. கணக்கின் போக்கு மாறாது.

இப்போது முன்முனைக்கு வருவோம். லீவரின் நெம்பு விகிதம் ஆறுக்கு ஒன்று. அது இழுக்கும் விசையைச் சமன்படுத்தும் உலோகச் சட்டம் இடதுக்கும் வலதுக்கும் பாதி பாதியாகப் பிரிக்கிறது. எனவே கையின் விசையில் மூன்று மடங்கு ஒவ்வொரு கேபிளுக்கும் போகிறது. நடுவில் திருடுவது உராய்வு. உறைக்குள் ஓடும் கம்பி எவ்வளவு நீளம் என்பதைவிட, மொத்தம் எத்தனை டிகிரி வளைகிறது என்பதுதான் இழப்பைத் தீர்மானிக்கிறது. அந்த இழப்பு கூட்டல் கணக்காக ஏறாமல் பெருக்கல் கணக்காக ஏறுகிறது. உள்ளே வழுக்கும் பூச்சுள்ள புதிய கேபிளின் உராய்வுக் கெழுவை 0.15 என்று வைத்தால், 90 டிகிரி வளைவில் இழுத்த விசையில் 79 சதவீதம் மறுமுனைக்குப் போய்ச் சேருகிறது. 180 டிகிரியில் 62. 270 டிகிரியில் பாதிகூடச் சேருவதில்லை.

கையின் கணக்கில் இதன் பொருள் என்ன? 90 டிகிரி மட்டும் வளையும் புதிய கேபிளோடு 145 நியூட்டன் இழுத்தால் போதும். 270 டிகிரி வளையும் புதிய கேபிளோடு 233 நியூட்டன் இழுக்க வேண்டும். இரண்டுமே விதியின் எல்லைக்குள்தான் இருக்கின்றன. புதிய காரைச் சோதனைக்குக் கொண்டுபோனால் இரண்டுமே தேறிவிடும். மூன்று குளிர்காலத்தின் உப்புத் தண்ணீர் உறைக்குள் இறங்கி, உராய்வு இரண்டு மடங்காகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 டிகிரிக் கேபிளுக்கு இப்போது 184 நியூட்டன் வேண்டும். இன்னும் ஒரு கையால் இழுத்துவிடலாம். 270 டிகிரிக் கேபிளுக்கோ 472 நியூட்டன் வேண்டும். அது விதியையும் தாண்டியது. பெரும்பாலானவர்களுடைய தோள்பட்டையையும் தாண்டியது. காலிப்பர் ஒன்றே, லீவர் ஒன்றே. வித்தியாசம் முழுவதும் வழியில் இருக்கிறது.

இதைக் காகிதத்தில் நம்பாத நண்பருக்காக ஒரு சனிக்கிழமை மாலை சோதித்துக் காட்டினேன். விமான நிலையத்துக்குப் போகுமுன் பெட்டியை எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசுகள் இரண்டை எடுத்து, கேபிளின் ஒரு முனைக்கு ஒன்றாக மாட்டினோம். உறையை வைஸில் பிடித்து நேராக வைத்து இழுத்தபோது இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டின. பெயின்ட் டப்பாவைச் சுற்றிக் கால் வட்டம் வளைத்ததும், இந்தப் பக்கம் 10 கிலோ இழுத்தால் அந்தப் பக்கம் 8 கிலோவை ஒட்டியே வந்தது. பிறகு சேஸிஸில் அவர் ஏற்கெனவே கட்டி வைத்திருந்த வழியைப் போலவே வளைத்தோம்: டனலிலிருந்து கீழே ஒரு வளைவு, டேங்கைத் தாண்ட ஒரு எஸ் வடிவம், காலிப்பருக்குள் நுழைய முன்பக்கமாக ஒரு கொக்கி. தராசு 4 கிலோ சொச்சத்தைக் காட்டியது. எஸ் வடிவத்தில் இடப்பக்க வளைவும் வலப்பக்க வளைவும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் என்று அவர் நினைத்திருந்தார். கம்பிக்கு இடமும் வலமும் தெரியாது. எல்லா டிகிரியும் ஒரே கணக்கில்தான் ஏறும்.

எனவே ஒவ்வோர் அமைப்பையும் பிடிப்பு வலிமையை மட்டும் வைத்து ஒப்பிடாமல், அதன் நெம்புகோல் எந்தத் திசையைப் பார்க்கிறது, அதற்குக் கேபிள் எத்தனை டிகிரி வளைந்து போக வேண்டும், சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது கேபிளும் ஆட வேண்டுமா என்ற மூன்றையும் வைத்தே ஒப்பிட்டோம்.

பிரிட்டிஷ் நகல்களில் பழக்கமானது ஜாகுவாரின் பழைய தனிச் சஸ்பென்ஷன் பின் அமைப்பு. 1961-இல் ஈ-டைப்பிலும் மார்க் டென்னிலும் அறிமுகமாகி, பின்னர் எக்ஸ்ஜே6 கார்களிலும் வந்தது. இதில் டிஸ்க்குகள் சக்கரத்தோடு இல்லாமல், எஞ்சினின் சுழற்சியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் இருபுறமும் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. பெரிய காலிப்பருக்குத் துணையாக, தனக்கென்று சிறு பேட்கள் கொண்ட தனிக் கைபிரேக் காலிப்பர் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உண்டு. கேபிள் கண்ணோட்டத்தில் பார்த்தால் இதைப்போல வசதியான அமைப்பு குறைவு. டிஸ்க் சஸ்பென்ஷனோடு ஆடுவதில்லை என்பதால் கேபிளும் ஆட வேண்டியதில்லை. இழுக்க வேண்டிய இடம் காரின் நடுக்கோட்டுக்கு அருகிலேயே இருப்பதால் டனலிலிருந்து ஏறக்குறைய நேராகவே பின்னால் போகலாம்.

அதன் விலையைப் பிறகுதான் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தச் சிறு பேட்களை மாற்ற, காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஷாஃப்டுக்கும் அமைப்பைத் தாங்கும் கூண்டுக்கும் நடுவே கையை நுழைத்துத் தடவித் தடவித்தான் வேலை செய்ய வேண்டும். நகல் காரின் பின்புற உடல் அமைப்பைப் பொறுத்து மேலிருந்து எட்ட வழியே இருக்காது. தேய்மானத்தைத் தானாகச் சரிசெய்யும் சிறு ராட்செட்கள் நீண்ட நாள் ஓடாமல் நின்றால் துருப்பிடித்து இறுகிவிடும். வாரக்கடைசியில் மட்டும் வெளியே வரும் நகல் காருக்கு இது கிட்டத்தட்ட நிச்சயம். டிஸ்க்கின் சூடு டிஃபரன்ஷியல் சீலைக் கெடுத்து, அதிலிருந்து கசியும் எண்ணெய் நேராக டிஸ்க் மேலேயே தெறிப்பது இந்த அமைப்பின் பழைய நோய். பாகங்களைக் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் மாட்டிய பிறகே சேஸிஸில் ஏற்றுகிறவர்களுக்கு இது இன்றும் நல்ல தேர்வு. செகண்ட்ஹேண்டில் வாங்கியதை அப்படியே தண்ணீர் ஊற்றிக் கழுவி மாட்டுகிறவர்கள் இதன் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

இரண்டாவது, பின் டிஸ்க்கின் காலிப்பருக்குள்ளேயே கைபிரேக் பொறி அடங்கியிருக்கும் வகை. மஸ்டாங்கை அடிப்படையாகக் கொண்ட அமெரிக்க நகல்களிலும், மஸ்டா எம்எக்ஸ்-5 பாகங்களில் கட்டப்படும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இதைப் பார்க்கலாம். ஒரே காலிப்பர், ஒரே ஜோடி பேட். கால் பிரேக்கில் தினமும் தேய்வதால் பேடும் டிஸ்க்கும் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்கும். பாகங்கள் எளிதில் கிடைக்கும். எல்லாம் நல்லதாகத் தெரியும் இந்த வகையில் மூன்று கண்ணிகள் இருக்கின்றன.

ஒன்று, காலிப்பரின் கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. பாகங்களைக் கொடுத்த தாய்க் காரில் கேபிள் எங்கிருந்து வந்ததோ அந்தத் திசைக்கு ஏற்ப அது செய்யப்பட்டிருக்கும். நகல் காரின் சேஸிஸ் குழாய்கள் அந்த இடத்தில் இருந்தால், கேபிள் சுற்றிக்கொண்டு வந்து கொக்கி போட்டு நுழைய வேண்டியதாகிவிடும். அங்கேதான் அந்த 270 டிகிரி சேருகிறது. நண்பர் முதலில் வாங்கி வைத்திருந்தது இந்த வகைதான். இடது வலது காலிப்பர்களை மாற்றி மாட்டினால் கை முன்பக்கம் திரும்பிவிடுமே என்ற யோசனையும் எங்களுக்கு வந்தது. அப்படிச் செய்தால் காற்று வெளியேற்றும் நிப்பிள் கீழ்ப்பக்கம் போய்விடும், சிலிண்டருக்குள் தங்கும் காற்று வெளியே வராது என்பதால் அதைக் கைவிட்டோம்.

இரண்டாவது கண்ணி நுட்பமானது. இந்தக் காலிப்பர்களில் பல, பேட் தேய்வதற்கு ஏற்பத் தம்மைத் தாமே சரிசெய்துகொள்பவை. கைபிரேக்கை விட்டதும் அந்தக் கை முழுவதும் பின்னால் போய்த் தன் நிறுத்தத்தில் முட்டினால்தான் அந்தப் பொறி ஒழுங்காக வேலை செய்யும். லீவர் உயரமாக வருகிறதே என்று கேபிளை இறுக்கி இறுக்கி வைத்தால், கை முழுவதும் திரும்பாது. தானாகச் சரிசெய்வது நின்றுபோகும். சில மாதங்களில் கால் பிரேக் பெடல் ஆழமாக இறங்கத் தொடங்கும். கைபிரேக் கேபிளில் செய்த தவறு கால் பிரேக்கில் நோயாக வெளிப்படுவதால், மாஸ்டர் சிலிண்டரைக் குற்றம் சொல்லி அதை மாற்றியவர்களும் உண்டு. சரியான வரிசை இதுதான்: கேபிளை முழுவதும் தளர்த்த வேண்டும், காலிப்பரை முதலில் சரிசெய்ய வேண்டும், கை நிறுத்தத்தில் முட்டுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கேபிளின் தொய்வை மட்டும் எடுக்க வேண்டும். முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5 காலிப்பரில் தானாகச் சரிசெய்யும் இந்த வசதி இல்லாமல், பின்புறத்தில் ஒரு மூடி போல்டுக்குள் கையால் திருகும் சரிசெய்கருவி இருக்கிறது. என் கணக்கில் அதுவே நிம்மதி.

மூன்றாவது, சூடு. மலைப்பாதையில் இறங்கி வந்து சூடான டிஸ்க்கோடு காரை நிறுத்திக் கைபிரேக்கை இழுத்தால், டிஸ்க் ஆற ஆறச் சுருங்கும். பேடின் நெருக்கம் குறையும். நன்றாக நின்ற கார் இருபது நிமிடம் கழித்து நகரத் தொடங்கும் நிகழ்வுகளுக்கு இது ஒரு காரணம். புதிய கார்களின் மின்சாரக் கைபிரேக்குகளில் சில, நிறுத்திய சில நிமிடங்களில் தாமாகவே மறுபடி ஒருமுறை இறுக்கிக்கொள்வது இதற்காகத்தான். கேபிளில் அந்த அறிவு கிடையாது. சரிவில் நிறுத்தும்போது கியரில் போட்டு, முன்சக்கரத்தை நடைபாதைக் கல்லை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும்.

மூன்றாவது வழி, பந்தயக் காருக்கான நான்கு பிஸ்டன் காலிப்பரைப் பின்னால் வைத்துக்கொண்டு, அதே டிஸ்க்கின் மறுபக்கத்தில் கைபிரேக்குக்கென்று ஒரு சிறு இயந்திரக் காலிப்பரைத் தனி பிராக்கெட்டில் மாட்டுவது. இதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. கம்பிச் சக்கர இடைவெளி வழியே பளபளக்கும் காலிப்பர் தெரிய வேண்டும் என்பதற்காகவே பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது குற்றமில்லை, அழகுக்காகத்தானே இந்தக் காரையே கட்டுகிறோம். இதன் உண்மையான பலம் பிராக்கெட்டை நாமே வடிவமைக்கலாம் என்பது: காலிப்பரை டிஸ்க்கின் எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் வைத்து, அதன் கையைக் கேபிள் வரும் திசைக்கு நேராகத் திருப்பிவிடலாம். பலவீனம், பேட் சிறியது, நெம்பு விகிதமும் பெரும்பாலும் குறைவு. அதோடு, ஓடும் காரில் இந்தப் பேட் டிஸ்க்கைத் தொடுவதே இல்லை என்பதால் அதன் முகம் டிஸ்க்கின் முகத்துக்குப் பழகுவதில்லை. புதிதாக மாட்டியவர் ஆளில்லாத இடத்தில் மெதுவான வேகத்தில் லீவரைப் பாதி இழுத்தபடி சில முறை ஓட்டி, நடுநடுவே ஆறவிட்டுப் பழக்க வேண்டும். தேய்மானத்தையும் கையால்தான் சரிசெய்ய வேண்டும். இதில் 16 சதவீதம் வராது என்று நான் சொல்லவில்லை. வரும், ஆனால் மிச்சம் அதிகம் இருக்காது.

நாங்கள் கடைசியில் எடுத்தது நான்காவது வழி: டிஸ்க்கின் நடுவே தொப்பி போல் புடைத்த பகுதிக்குள் ஒளிந்திருக்கும் சிறு டிரம். ஜாகுவாரே 1986-இல் வந்த எக்ஸ்ஜே40 காரில் டிஸ்க்கைச் சக்கரத்தின் பக்கம் வெளியே நகர்த்தி, கைபிரேக்கைத் தொப்பிக்குள் அதன் உட்சுவரை அழுத்தும் வளைந்த ஷூக்களுக்குக் கொடுத்துவிட்டது. கால் பிரேக்குக்கும் கைபிரேக்குக்கும் பொதுவாக ஒரு பாகமும் இல்லை. ஆகவே ஒன்றின் நோய் மற்றதற்குத் தொற்றுவதில்லை. டிரம் ஷூ சுழற்சியோடு தன்னைத் தானே டிரம் சுவரோடு நெருக்கிக்கொள்ளும் இயல்புடையது என்பதால், அதே கேபிள் விசைக்கு அதிகப் பிடிப்பு கிடைக்கிறது. சரிசெய்ய, தொப்பியிலுள்ள துளை வழியே ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து உள்ளிருக்கும் பல்சக்கரத்தைத் திருகினால் போதும். ஷூ உரசும் வரை திருகி, உரசல் நிற்கும் வரை திரும்பத் தளர்த்த வேண்டும். ஷூவின் உராய்வுப் பட்டையான லைனிங் ஓட்டத்தில் தேயாததால் வருடக்கணக்கில் இருக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இங்கே சக்கரம் மாட்டப்படும் ஹப் சக்கரத்தோடு ஆடுகிறது. கேபிளின் கடைசி அரை மீட்டர் அதோடு ஆட வேண்டும். சக்கரத்தை முழுவதும் கீழே தொங்கவிட்டும், ஜாக்கியால் முழுவதும் மேலே தூக்கியும், இரண்டு நிலையிலும் கேபிள் இழுபடாமல் இருப்பதைப் பார்த்த பிறகே உறையின் கடைசிக் கிளிப்பை எங்கே வைப்பது என்று முடிவு செய்தோம். சஸ்பென்ஷன் கை சுழலும் புள்ளிக்கு அருகில் கேபிள் கடந்து போனால் இழுபடுதல் மிகவும் குறையும். அடுத்தது, சும்மா நிற்கும் டிரம்முக்குள் துரு. ஈரத்தில் வாரக்கணக்கில் கைபிரேக் போட்டு நிறுத்தினால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கராஜுக்குள் நீண்ட நாள் நிறுத்துகிறவர் கைபிரேக்கை விட்டு, சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுத்துவிடுவது நல்லது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பின்னால் முழு டிரம் பிரேக் உள்ள ஆக்ஸில் கிடைத்தால், கைபிரேக் என்ற பிரச்சினையே ஏறக்குறைய இல்லை. மலிவானது, வலுவானது, அழகில்லாதது. கால் பிரேக்கின் எண்ணெய் அழுத்தத்தைப் பூட்டி வைக்கும் வால்வைக் கைபிரேக் என்று விற்பவர்களும் வாங்குபவர்களும் உண்டு. எண்ணெய் ஆறினாலோ துளி கசிந்தாலோ அழுத்தம் இறங்கிவிடும் என்பதாலும், இயந்திரப் பூட்டு அல்ல என்பதாலும், அதை நிறுத்துபிரேக்காகக் கணக்கில் எடுக்கவே கூடாது. பழைய லேண்ட் ரோவர் போல, கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் புரொபெல்லர் ஷாஃப்டில் பிரேக் வைத்தால் கேபிள் மிகவும் குட்டையாகிவிடும், டிஃபரன்ஷியலின் பல் விகிதமும் துணைக்கு வரும். ஆனால் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கியதும், சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள கார் உருண்டுவிடும். கோப்ராவின் டனலுக்குள் அதற்கு இடமும் இல்லை.

மின்சாரக் கைபிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று பலர் அதைத்தான் கேட்கிறார்கள். கேபிளை இழுக்கும் மோட்டார்ப் பெட்டி ஒன்றைப் பின்பக்கம் டேங்குக்கு அருகிலேயே வைத்துவிட்டால் டனல் பிரச்சினை முழுவதும் மறைந்துவிடுகிறது. இரண்டு குட்டைக் கேபிள்கள், சிறு வளைவுகள், முன்னால் ஒரு பொத்தான். வழியின் கணக்கில் இதுவே வெற்றி பெறுகிறது. நான் தயங்குவது வேறு காரணத்துக்காக. நகல் காரின் பேட்டரி மாதக்கணக்கில் இறங்கிக் கிடக்கும். மின்சாரம் போனாலும் பிரேக் போட முடிய வேண்டும் என்று விதி தனியாக நிபந்தனை வைக்கிறது. அதற்கு ஏற்ற கட்டுப்பாட்டுப் பெட்டியும் தனி மின்வழியும் கையால் விடுவிக்கும் வசதியும் சேர்ந்தால் இது எளிமையான தீர்வாக நிற்பதில்லை. வயரிங்கில் கை தேர்ந்தவருக்கு இது சரி. நண்பர் தம் இண்டிகேட்டருக்கே மூன்று நாள் எடுத்துக்கொண்டவர்.

அமைப்பை முடிவு செய்த பிறகு, டனலைத் திறந்து வழியைப் புதிதாகப் போட்டோம். லீவரிலிருந்து இருக்கைகளுக்குப் பின்னால் வரை கேபிளே இல்லை. வளைவில்லாத இடத்தில் உறை எதற்கு என்று 8 மி.மீ. எஃகுக் கம்பி ஒன்றை நேராகப் போட்டோம். அதன் பின்முனையில் சமன்படுத்தும் சட்டம்: நடுவில் துளை, இரு முனைகளிலும் ஒவ்வொரு கேபிள். இந்தச் சட்டம் இரு பக்கமும் சாய்ந்தாட இடம் வேண்டும். அதை இறுக்கிக் கட்டிவிட்டால் ஒரு பக்க ஷூ முதலில் தொட்டதும் மற்றப் பக்கத்துக்கு இழுப்பு போகாது. ரோலரில் ஒரு சக்கரம் பிடித்து மற்றது சுற்றும்.

அங்கிருந்து இரண்டு கேபிள்களும் கால் வட்டத்தைவிடச் சற்று அதிகம் வளைந்து ஹப்புக்குப் போகின்றன. நீளத்தை அளக்க, பழைய உறைத் துண்டு ஒன்றை வழி முழுவதும் படுக்கவைத்து அடையாளம் போட்டோம்; நூலால் அளந்தால் நூல் மூலைகளை வெட்டிக் குறுக்கே போய், கேபிள் குட்டையாக வந்து சேரும். உறையின் இரு முனைகளையும் பிடிக்கும் பிராக்கெட்களைச் சேஸிஸ் குழாயில் வெல்டு செய்தோம். ஃபைபர் கிளாஸ் தரையில் போல்டு போட்டு மாட்டினால், இழுக்கும்போது தரை வளையும். லீவர் நகரும், சக்கரத்துக்கு எதுவும் போகாது. இழுக்கும்போது நம் கைக்கு நல்ல இறுக்கம் தெரிவதால் இந்தப் பிழை எளிதில் பிடிபடாது. ஒருவர் லீவரை இழுக்க, இன்னொருவர் கீழே படுத்துப் பிராக்கெட்டையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஒரே சோதனை.

எக்ஸாஸ்டைப் பொறுத்தவரை கோப்ரா நகலுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. பக்கவாட்டுக் குழாய்கள் கதவுக்குக் கீழே வெளியேறிவிடுவதால் காரின் நடுப்பகுதி குளிர்ச்சியாக இருக்கும். அடியில் பின்னால் வரை குழாய் போகும் கார்களில், உறைக்குள் இருக்கும் வழுக்குப் பூச்சு சூட்டில் உருகிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். அங்கே இடைவெளியும் வெப்பத் தடுப்பு உறையும் இரண்டுமே வேண்டும். அந்தப் பூச்சுள்ள கேபிளுக்குக் கிரீஸ் போடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புழுதியைச் சேர்த்துக்கொள்ளத்தான் அது பயன்படும்.

கட்டி முடித்த வாரம் பக்கத்தில் இருந்த ஒரு சோதனைக் கூடத்தில் ரோலர் மேல் ஏற்றிப் பார்த்தபோது, இடது சக்கரம் நன்றாகவும் வலது அரைகுறையாகவும் பிடித்தது. கேபிளைக் குற்றம் சொல்லத் தயாராக இருந்த எங்களிடம், ஷூக்களைப் பழக்கினீர்களா என்று சோதகர் கேட்டார். தனிக் காலிப்பர் பேட்களுக்கு நான் சொன்ன அதே விதி இந்த ஷூக்களுக்கும் பொருந்தும் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது. காலி மைதானத்தில் மெதுவாக ஆறு முறை ஓட்டிப் பழக்கி, பல்சக்கரத்தை வலப்பக்கம் இரண்டு பல் கூட்டியபின் இரண்டு சக்கரங்களும் ஒன்றுபோலப் பிடித்தன. லீவர் ஆறாவது சொடுக்கில் நிற்கிறது. நண்பரின் வீட்டு வாசல் சரிவில், கியரில் போடாமல் ஒரு மணி நேரம் நிறுத்தி, டயர் ஓரத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தோம். கோடும் டயரும் போட்ட இடத்திலேயே இருந்தன.